வெற்று வரிக்குக் கீழே ஒரு பெயர்

போன டிசம்பரில், பல்லேகலயில் நான் வாடகைக்கு இருக்கிற அறையில், ஒரு சின்ன பைதன் புரோகிராம் எழுதினேன். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கிக் கொடுக்க நண்பர்கள் காசு சேர்த்திருந்தோம். பிள்ளைகளின் பெயர்கள் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில், வரிக்கு ஒன்றாக இருந்தன. அதை வாசித்து, கொப்பி அட்டையில் ஒட்டுகிற துண்டுகளாக பிரின்ட் எடுக்கணும். அவ்வளவுதான்.

ஐம்பது பேர் வருவாங்க என்று சொல்லியிருந்தாங்க. அதனால் ஃபைலை உள்ளே கொடுத்து, 50 தரம் இன்புட் கேட்டேன். ஃபைல் அதற்கு முன்பே முடிஞ்சு, ஈஓஎஃப் எரர் வந்து விழுந்தது. எரரை நிறுத்தணும் என்பது மட்டும்தான் அப்போ என் யோசனை. ரீட்லைனால் ஒரு வரி எடு, ஸ்ட்ரிப் செய், மிஞ்சியது வெறுமை என்றால் நிறுத்து. இப்படி மாற்றினேன். எரர் போச்சு. நிம்மதியாத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை கொப்பி கொடுத்து முடிகிற நேரம், ஒரு தங்கச்சி மட்டும் வெறுங்கையோடு நின்றாள்.

“அண்ணே, எம் பேரு வரலையே?”

கொப்பி இருந்தது. பெயர்த்துண்டுதான் இல்லை. பேனாவால் எழுதி ஒட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கிட்டு, பக்கத்துப் பிள்ளையின் பிரின்ட் எழுத்தையும் தன் கொப்பியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அறைக்கு வந்து ஃபைலைத் திறந்தேன். அவள் பெயரை யாரோ கடைசியாகச் சேர்த்திருக்காங்க. சேர்க்கும்போது என்டரை இரண்டு தரம் தட்டியிருக்காங்க. நடுவில் ஒரு வெற்று வரி.

பார்க்கத்தான் அது வெறுமை. அதற்குள் வரி முடிவுக் குறி ஒன்று இருக்கு. ஃபைல் உண்மையாவே முடிஞ்சால் ரீட்லைன் அந்தக் குறிகூட இல்லாத வெறும் சரத்தைத் தரும். நான் முதலில் ஸ்ட்ரிப் செய்துவிட்டுப் பிறகு கேட்டதால் இரண்டும் ஒன்றாகிப் போச்சு. கேட்டுவிட்டுத்தான் துடைக்கணும். இன்னும் லேசான வழி, ஃபைலையே ஃபார் லூப்பில் விடுவது. முடிவை அதுவே பார்த்துக்கொள்ளும். வெற்று வரி வந்தால் தாண்டிப் போ, நிற்காதே என்று மட்டும் நாம் சொன்னால் போதும்.

சி மொழியில் இதே தவறு வேறு முகத்தோடு வரும். கண்டி டவுனில் இரவு திகன பஸ்ஸுக்கு நின்றவங்களுக்கு இது விளங்கும். கடைசி பஸ் போயிட்டது என்று எப்போ தெரியும்? அது போகும்போது இல்லை. அதற்குப் பிறகும் காத்து நின்று, ஒன்றும் வராதபோதுதான். எஃப்ஈஓஎஃப்பும் அப்படித்தான். ஒரு தரம் வாசிக்கப் போய் ஒன்றும் கிடைக்காத பிறகுதான் ‘முடிஞ்சது’ என்று சொல்லும். அதை நம்பி லூப் போட்டால் கடைசிப் பெயர் இரண்டு தரம் வரும். எஃப்கெட்ஸ் வெறுங்கையோடு திரும்புதா என்று பார்த்து நிற்பதுதான் சரி.

இன்னொன்று. வரி முடிவுக் குறியை நீக்க, கண்ணை மூடிக்கொண்டு கடைசி எழுத்தை வெட்டாதீங்க. கடைசி வரியில் அந்தக் குறி இல்லாமலும் இருக்கலாம். அப்போ ‘செல்வம்’ புள்ளியை இழந்து ‘செல்வம’ ஆகிவிடும். யூனிகோடில் புள்ளியும் தனிக் குறி.

பட்டியலில் பெயர் விடுபடுவது என்றால் என்ன என்று மலையகத்து வீடுகளில் சொல்லித்தரத் தேவையில்லை. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டாங்க. அந்தப் ‘பிறகு’ வர 1974 ஆச்சு.

என் புரோகிராமில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. எரர் வராதது எல்லாம் சரி என்று நான் நினைத்ததுதான் பிழை. எரராவது சத்தம் போட்டுச் சொல்லும். விடுபட்ட பெயர் சொல்லாது. இப்போ ஃபைலில் எத்தனை பெயர், பிரின்டில் எத்தனை பெயர் என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் லைட்டை அணைக்கிறேன்.