குறையறிந்து கொடுத்தல்

கோவில்பதாகை இல்லங்களில் சன்னலோரத் தொட்டிச் செடிகள் பெருகி வருவது மகிழ்வுக்குரியது. செடி வெளிறியதும் நாம் உரத்தை அள்ளி இடுகிறோம். எந்த இலை வெளிறுகிறது என்பதையே முதலில் காண வேண்டும்.

அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முழுதும் மஞ்சளானால், அது பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. மக்கிய எரு உதவும். அவ்விலைகளில் நரம்புகள் பசுமையாயிருக்க இடைப்பகுதி மட்டும் வெளிறினால், மக்னீசியக் குறைவு. 1 லிட்டர் நீரில் 5 கிராம் எப்சம் உப்பைக் கரைத்துத் தெளிக்கலாம். இவ்விரு சத்துகளையும் முதிர்ந்த இலை தளிருக்கு அனுப்பித் தன்னையே வெறுமையாக்குகிறது. அதனை அவசரமாகக் கிள்ளி எறியலாகாது.

தளிரே வெளிறினால் இரும்புக் குறைவு எனக் கொள்ளலாம். இரும்பு மண்ணில் இருக்கக்கூடும். ஆயினும் கடினமான ஆழ்குழாய்க் கிணற்று நீரால் மண் காரத்தன்மை அடைந்தால் வேர் அதனை ஏற்க இயலாது. மழைநீர் ஊற்றி, லிட்டருக்கு 2 கிராம் அன்னபேதி கரைத்துத் தெளித்தால் புதுத்தளிர் பசுமையாகும்.

மிகக் குறைந்துள்ள சத்தே வளர்ச்சியை வரையறுக்கிறது. பிறவற்றைப் பெருக்கி அதனை ஈடுசெய்ய முடியாது. 19ஆம் நூற்றாண்டில் செருமானிய வேதியியலர் லீபிக் பரப்பிய விதி இது.

பிள்ளைகளுக்குத் தம்மையே ஈந்து வெளிறிய முதியோர் நம் இல்லங்களிலும் உள்ளனர். மருந்தும் பணமும் தருகிறோம். அவர்களுக்குக் குறைவதோ அருகமர்ந்து பேசும் ஒரு நாழிகையாக இருக்கலாம். லூக்கா நற்செய்தியின் தோட்டக்காரர் அத்திமரத்தை வெட்ட விடாமல், சுற்றிலும் கொத்தி எருவிட ஓராண்டு கேட்டார். இன்று மாலை அவர்களருகே அமர்ந்து, என்ன குறை என்று கேட்போமா?