நாற்காலிக்கு வந்த தீபாவளி

கங்கா ஸ்நானம் முடித்து, பெருமாள் சந்நிதியில் விளக்கேற்றி, பெரியவர்களை நமஸ்கரித்து, அக்கம்பக்கத்து இல்லங்களுக்குப் பட்சணத் தட்டு அனுப்புவதே நாம் அறிந்த தீபாவளி. சென்ற தீபாவளியன்று தாம்பரத்தில் எங்கள் இல்லத்தில் விடியும் முன்பே தொலைக்காட்சி பேசத் தொடங்கிவிட்டது. "தாத்தா, இவருக்கு இது தலைதீபாவளி" என்று பேத்தி ஒரு நடிகரைச் சுட்டிக் காட்டினாள். எதிர்வீட்டு மாமி தட்டுடன் வாசலில் வந்து நின்றதை எவரும் கவனிக்கவில்லை.

குழந்தையைக் கண்டிக்க எனக்குத் தகுதி இல்லை. 1991 நவம்பர் 5 தீபாவளி. 'தளபதி', 'குணா' இரண்டும் அன்றுதான் வெளியாயின. வங்கியில் வாங்கிய பண்டிகை முன்பணத்தில் கோ-ஆப்டெக்ஸில் ஜவுளி எடுத்தது போக, மீதியில் முதல் நாள் காட்சிக்குச் சீட்டு வாங்கியிருந்தேன். கர்ணனின் சரிதத்தைத் தழுவிய கதை அல்லவா? தாயைப் பிரிந்த மகனுக்காகத் திரையரங்கில் கண் கலங்கிவிட்டு வீடு திரும்பினால், என் தாயார் பிற்பகல் மூன்று மணி வரை உண்ணாமல் எனக்காகக் காத்திருந்தார். ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இத்தனை ஆண்டுகள் நினைவில் நின்றிராது.

பிற்காலத்தில் கிளை மேலாளர் ஆனேன். தீபாவளி வாரத்தில் என் மேசை மீது இனிப்புப் பெட்டிகளும் நாட்குறிப்புகளும் குவியும். விலை உயர்ந்தவற்றைத் திருப்பி அனுப்பிவிடுவேன். இனிப்பை ஊழியர்களுடன் பகிர்ந்து கொள்வேன். ஆனாலும் உள்ளத்தில் ஒரு சிறு கர்வம் இருந்ததை மறைப்பானேன்? ஓய்வு பெற்ற முதல் தீபாவளியன்று ஒரு பெட்டியும் வரவில்லை. வந்தவை அனைத்தும் நாற்காலிக்கு வந்தவை என்று அன்றுதான் விளங்கிற்று. சினிமா நட்சத்திரங்களுக்கு உள்ளதும் அத்தகைய நாற்காலிதான். சற்று உயரம் அதிகம்.

அன்று மாலை வாசலில் ஒரு பெண்மணி நின்றிருந்தார். ரயில் நிலையத்தின் மேற்குப் பக்கத்தில் பூக்கட்டி விற்பவர். மகளிர் குழுவின் மூலம் எங்கள் கிளையில் சிறு கடன் பெற்று, தவணை தவறாமல் அடைத்தவர். முந்தானைக்குள் எதையோ மறைத்தபடி தயங்கினார். "வீட்டுல சுட்ட அதிரசம் சார். நீங்க சாப்பிடுவீங்களோ என்னவோ" என்று ஒரு எவர்சில்வர் டப்பாவை நீட்டினார்.

எனக்குக் குசேலரின் நினைவு வந்தது. துவாரகை மன்னனுக்குக் கந்தல் துணியில் முடிந்த அவலைக் கொடுக்க வெட்கி, அவர் மறைத்துக்கொண்டதும், கண்ணன் வலிய இழுத்து ஒரு பிடி உண்டதும் பாகவதத்தின் தசம ஸ்கந்தத்தில் வருகின்றன. மலையாள தனுர் மாதத்தின் முதல் புதன்கிழமையைக் குருவாயூரில் குசேலர் தினமாகக் கொண்டாடி, அடியார்கள் இன்றும் அவல் சமர்ப்பிக்கிறார்கள். ஆனால் அக்கதையில் கண்ணனுக்குத் தன் பால்ய சிநேகிதரை நன்றாக அடையாளம் தெரிந்தது. எட்டத்தில் வரும்போதே எழுந்தோடி வந்து தழுவிக்கொண்டான். என் நிலை அதுவன்று.

"யார் வந்து போனது?" என்று மனைவி கேட்டாள். பூக்கார அம்மாள் என்றேன். "பெயர் என்ன?" என்றாள். தெரியவில்லை. அவருடைய கடன் பத்திரங்களில் நான்கு முறையாவது கையொப்பமிட்டிருப்பேன். தளபதியில் யார் யார் என்ன வேடம் ஏற்றார்கள் என்பது இன்றும் மனப்பாடம்.

பிறர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பாள் மனைவி. மறுநாள் காலை தேன்குழலை நிரப்பி என் கையில் கொடுத்தாள். பூக்கடைக்குச் சென்று, டப்பாவை நீட்டுவதற்கு முன் பெயரைக் கேட்டேன்.

"இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் கேக்குறீங்க சார்" என்று சிரித்தபடியே சொன்னார். பேத்திக்கு என்று ஒரு முழம் மல்லிகையையும் அளந்து தந்தார். எவ்வளவு வற்புறுத்தியும் காசு வாங்க மறுத்துவிட்டார்.