ரகுநாதாச்சாரியார் கண்ட மீன்

விவாகச் சடங்கின்போது, மணமக்களைப் பட்டப்பகலில் பந்தலுக்கு வெளியே அழைத்து வந்து, கண்ணுக்குத் தெரியாத துருவனைச் சுட்டிக்காட்டி, அதனைப் போல ஸ்திரமாக வாழ்வீர்களாக என்று ஆசீர்வதிக்கும் புரோகிதரைக் காணுந்தோறும் எனக்குள் ஒரு குறும்பு எண்ணம் தலைதூக்கும். ஏனெனில் ஸ்திரத்தன்மைக்கே அதிதேவதையாக நாம் கொண்டாடும் அந்த நட்சத்திரம், ஏறக்குறைய நான்கு நாட்களுக்கு ஒரு முறை இம்மியளவு மங்கி இம்மியளவு பிரகாசித்துக்கொண்டே இருக்கிறது. இதைச் சபையில் சொல்பவனுக்கு அடுத்த கல்யாணப் பத்திரிகை வாராது என்பதால் நான் வாய்திறந்ததில்லை.

இத்தகைய நிலையின்மையைக் கண்டுபிடித்தவர்களுள் நம்மவர் ஒருவர் உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்து நட்சத்திர பங்களாவில் போக்ஸன் துரையின்கீழ் உத்தியோகம் பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார், வானத்துக்கு ஒவ்வாத பழங்கணக்கைத் திருத்தித் திருக்கணித பஞ்சாங்கம் வெளியிட்டவர். நட்சத்திரங்களின் ஸ்தானங்களை அளந்து அட்டவணையில் ஏற்றுவது அவர் தொழில். கணக்குக்கு அடங்குவதையே விரும்பும் அம்மனிதர், தென்வானத்தில் ரெட்டிகுலம் என்னும் சிறு மண்டலத்தில், தோன்றியும் மறைந்தும் விளையாடும் ஒரு மீனை 1867-ஆம் ஆண்டில் அடையாளங்கண்டார். (நன்னம்பிக்கை முனையிலிருந்து தென்வானத்தை ஆராய்ந்த லக்காய் என்னும் பிரெஞ்சுக்காரர், தம் தொலைநோக்கியின் கண்வில்லையில் கட்டிய நூல்களின் நினைவாக இம்மண்டலத்துக்குப் பெயரிட்டாராம், சிங்கமும் தேளும் குடியிருக்கும் ஆகாயத்தில் நூலுக்கும் இடம் கிடைத்துவிட்டது!) சென்னையிலிருந்து பார்ப்பவனுக்கு அது உச்சத்தில் நிற்கும்போதும் தென்திசை அடிவானத்துக்குமேல் 14 பாகை உயரந்தான், தென்னந்தோப்பு ஒன்று குறுக்கிட்டாலும் மறைந்துபோகும்.

அது மங்குவதன் காரணம் மூப்பு. சூரியனை ஒத்த நட்சத்திரமொன்று, தன் நடுவிலுள்ள ஹைட்ரஜனை எரித்துத் தீர்த்தபின், உள்ளே சுருங்கிக் கொதித்து, வெளியே ஊதிப் பருத்துச் சிவந்துவிடுகிறது. பிறகு ஹீலியமும் கரியாகித் தீரும் அந்திமக் காலத்தில், கிழவரின் மார்பைப் போல அதன் உடல் முழுவதுமே விம்மித் தாழ்கிறது. ரகுநாதாச்சாரியாரின் மீனுக்கு இந்த மூச்சு ஒன்று முடிய ஏறக்குறைய ஒன்பது மாதமாகும். குளிர்ந்த மேற்பரப்பில் டைட்டானியம் ஆக்ஸைடு போன்றவை திரண்டு, கண்ணுக்குப் புலனாகும் ஒளியை விழுங்கிவிடுவதால், மொத்த சக்தி அவ்வளவாகக் குறையாதபோதும், பிரகாசம் மட்டும் நூற்றுக்கணக்கான மடங்கு சரிந்து காணாமற்போகிறது. இவ்வாறு மூச்சுவிட்டு மூச்சுவிட்டே அது தன் மேலாடையை ஆகாயத்தில் உதறிவிட்டு, பூமியளவேயான வெள்ளைக் குள்ளனாய் மிஞ்சும். இன்னும் 500 கோடி ஆண்டுகள் கழிந்தபின் நம் சூரிய பகவானுக்கும் இதே கதிதான்.

அந்த நுங்கம்பாக்கத்து வளாகத்தில் 1792-ஆம் ஆண்டுக் கருங்கற்றூண் ஒன்று இன்றும் நிற்கிறது. ஆசியாவில் கணித சாஸ்திரத்தை விதைத்த பிரிட்டிஷாரின் தாராளத்தை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்வருவோரும் அறிய வேண்டும் என்னும் கருத்தை அதில் பொறித்தார்கள். நம்மவர் படிக்கத் தவறிவிடக் கூடாதென்று தமிழிலும் தெலுங்கிலுங்கூட வாசகம் உண்டு. சாஸ்திரம் இங்கே விதைக்கப்பட்டதா, முன்னமே விளைந்து கிடந்ததா என்ற வழக்கை நான் எழுப்பப்போவதில்லை. கல்வெட்டுக்காரர் பெரிதாக எண்ணிய அந்த ஆயிரம் ஆண்டுகளுக்குள் ரகுநாதாச்சாரியாரின் கிழநட்சத்திரம் சுமார் 1,300 தடவை விம்மித் தாழ்ந்திருக்கும் என்று மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.