விட்பியில் வீடு, கையில் பி.ஆர். காட்

ஸ்காபரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் கிழக்கே வந்தால் பிக்கரிங், ஏஜாக்ஸ், அதற்கடுத்து விட்பி. அதையும் தாண்டினால் ஒஷாவா. எங்கட சனம் இடம்பெயர்ந்த வரிசையும் ஏறக்குறைய இதுதான். முதலில் ஸ்காபரோவில் ஒரு அபார்ட்மென்ட், பிறகு ஏஜாக்ஸில் ஒரு டவுன்ஹவுஸ், அதன்பிறகு விட்பியில் இரண்டு கார் விடக்கூடிய கராஜோடு ஒரு வீடு.

2021 குடிசன மதிப்பீட்டின்படி விட்பியில் 138,501 பேர். தெற்கே ஒன்ராறியோ ஏரியும் படகுத்துறையும். மேற்குப் பக்கம் லின்ட் ஷோர்ஸ் காட்டுப்பாதை; அங்கே உள்ளங்கையில் விதையை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றால் சிக்கடீ குருவி வந்து இருக்கும். பிள்ளைகளைக் கூட்டிப்போக அதைவிட மலிவான இடம் கிடையாது. 1903இல் கட்டிய பழைய ரயில் நிலையம் இன்று ஓவியக்கூடம். வடக்கே புரூக்லின், அதற்கப்பால் விளைநிலம். காலையில் கோ ரயில் ஏறி டவுன்டவுன் வேலைக்குப் போய், பின்னேரம் திரும்பி வருகிற ஊர்.

வீடு மாறியது, விலாசம் மாறியது. ஆனால் பல வீடுகளில் ஒன்று மட்டும் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் பாருங்கள். பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள், பிறப்பாலேயே கனடியர்கள். நீங்கள் பிறப்பாலோ, சின்ன வயதில் அம்மா அப்பாவோடு சத்தியப்பிரமாணம் எடுத்தோ குடியுரிமை பெற்றவர்கள். மேசையின் அந்தப் பக்கம் இருக்கிற அம்மம்மாவிடமோ, பெரியப்பாவிடமோ, போன வருடம் வந்த மருமகனிடமோ இருப்பது பி.ஆர். காட்தான். கேட்டால், "காட் இருக்குத்தானே, பிறகென்ன?" என்பார்கள்.

அந்த "பிறகென்ன"வுக்குள் என்ன இருக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எது ஒன்று, எது வேறு

அன்றாட வாழ்க்கையில் வித்தியாசம் தெரியாது என்பது உண்மை. நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர் கனடாவில் எங்கும் வாழலாம், வேலை செய்யலாம், படிக்கலாம். ஓஹிப் காட் கிடைக்கும். முதியோர் ஓய்வூதியத்துக்கும் இங்கே குடியுரிமை கேட்பதில்லை. 18 வயதுக்குப் பிறகு குறைந்தது 10 வருடம் கனடாவில் வாழ்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வீடு வாங்கலாம், வரி கட்டலாம். இப்படி எல்லாமே நடப்பதால்தான் பலருக்கு, காலம் போகப் போக பி.ஆர். தானாகவே குடியுரிமை மாதிரி ஆகிவிடும் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. அது ஆகாது. 30 வருடம் போனாலும் பி.ஆர். பி.ஆர்.தான். அது நிபந்தனையோடு கூடிய அனுமதி.

முதல் நிபந்தனை நாட்கணக்கு. ஐந்து வருடத்தில் 730 நாட்கள் கனடாவில் இருக்க வேண்டும். கனடியப் பிரஜையான கணவனுடனோ மனைவியுடனோ வெளிநாட்டில் இருந்த நாட்களும் இதில் சேரும். ஆனால் பிரஜையான மகனோடு போய் இருந்தால் அம்மாவுக்கு அது சேராது. யாழ்ப்பாணத்தில் வீடு திருத்தவென்று போய் மூன்று வருடத்துக்கு மேல் நின்றுவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காட் காலாவதியானால் உரிமை போய்விடாது. ஆனால் நாட்கள் குறைந்தால், காட்டில் இன்னும் திகதி இருந்தாலும் பிரச்சினைதான்.

இரண்டாவது, குற்றவழக்கு. 2018 டிசம்பரில் கனடா மதுபோதையில் வாகனம் ஓட்டும் குற்றத்துக்கான உச்சத் தண்டனையை 10 வருடமாக உயர்த்தியது. 10 வருடம் உச்சத் தண்டனையுள்ள குற்றத்தைக் குடிவரவுச் சட்டம் பாரதூரமான குற்றமாகப் பார்க்கிறது. ஆகவே ஒரு கலியாண வீட்டு இரவில் பிடிபட்டுத் தண்டனை பெற்றால், பிரஜைக்கு அது அபராதமும் லைசன்ஸ் பிரச்சினையுமாக முடியலாம், பி.ஆர். காரருக்கு நாட்டை விட்டு அனுப்புகிற நடவடிக்கை வரைக்கும் போகலாம்.

அகதியாக வந்தவர்களுக்கு

மூன்றாவதுதான் எங்கள் சமூகத்துக்கு மிக நெருக்கமானது. அகதியாக ஏற்கப்பட்டு, அதன்வழியாக பி.ஆர். பெற்றவர்களுக்கான விஷயம் இது. 2012 டிசம்பருக்கு முன் அவர்களின் பி.ஆர். தனியாக நின்றது. அதற்குப் பிறகு சட்டம் மாறியது. அகதியாக ஏற்கப்பட்ட ஒருவர் பிறந்த நாட்டின் பாதுகாப்பைத் திரும்ப நாடினார் என்று அரசு குடிவரவு அகதிகள் சபையில் நிரூபித்தால், அகதி அந்தஸ்தோடு சேர்ந்து பி.ஆரும் போய்விடும். இதன் வழக்கமான அடையாளம் எது? இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்து, அதில் கொழும்புக்குப் போய் வருவது. தாயின் செத்தவீடு, தங்கச்சியின் கலியாணம், நல்லூர்த் திருவிழா, எதற்குப் போனாலும் கேள்வி எழும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. "நாட்டில் நிலைமை மாறிவிட்டது" என்பது மட்டும் காரணமென்றால் பி.ஆர். போகாது. தானாகப் போய் அந்த நாட்டின் பாதுகாப்பை எடுத்தார் என்று வந்தால்தான் போகும். 2022இல் பெடரல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு கொலம்பியப் பெண்ணின் வழக்கில், இப்படிச் செய்தால் என்ன நடக்கும் என்று அந்த நபருக்குத் தெரிந்திருந்ததா என்பதையும் சபை பார்க்க வேண்டும் என்றது. அது ஒரு பிடிமானம், உத்தரவாதம் இல்லை.

பிள்ளைகள் ஸ்பொன்சர் செய்து வந்த அம்மம்மாவுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அவர் அகதியாக வந்தவரல்ல. குடியுரிமை எடுத்துவிட்ட பழைய அகதிக்கும் கிடையாது. நடுவில், 90களில் அகதியாக வந்து, காட்டை மட்டும் புதுப்பித்துக்கொண்டே இருக்கிற சித்தப்பாவுக்குத்தான் இது. அவர் அடுத்த டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு குடிவரவு வழக்கறிஞரோடு பேசுவது நல்லது.

வாக்கும் வரியும்

விட்பி நகரசபைத் தேர்தல் நான்கு வருடத்துக்கு ஒருமுறை. 2022 அக்டோபர் 24இல் நடந்தது. அடுத்தது 2026 அக்டோபர் 26. ஒன்ராறியோ சட்டத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஏஜாக்ஸில் குடியிருந்துகொண்டு விட்பியில் ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் கனடியப் பிரஜை, விட்பித் தேர்தலில் வாக்களிக்கலாம். அந்த வீட்டிலேயே 15 வருடம் குடியிருந்து, பிள்ளையைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற பி.ஆர். குடும்பம் வாக்களிக்க முடியாது. பள்ளிச்சபை உறுப்பினரைத் தெரிவு செய்யவும் முடியாது. 2013இல் ரொறன்ரோ நகரசபை, பி.ஆர். உள்ளவர்களுக்கு உள்ளூராட்சித் தேர்தலில் வாக்குரிமை கொடுங்கள் என்று மாகாண அரசைக் கேட்டது. சட்டம் மாறவில்லை.

இந்தப் "பிரஜை" என்ற சொல்லுக்கு இங்கே அவ்வளவு வயதுமில்லை. விட்பியும் ஒஷாவாவும் சந்திக்கும் எல்லையில், ஏரிக்கரையோரம் இன்ட்ரெபிட் பார்க் என்றொரு பூங்கா இருக்கிறது. 1941 டிசம்பரில் அங்கேதான் காம்ப் எக்ஸ் என்ற இரகசிய உளவுப் பயிற்சி முகாம் தொடங்கியது. அங்கே பயிற்சி பெற்ற கனடியர்கள் சட்டப்படி பிரித்தானியக் குடிமக்கள். கனடாவின் முதல் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1947 ஜனவரி 1இல்தான். முதலாம் இலக்கச் சான்றிதழைப் பெற்றவர் அப்போதைய பிரதமர் மக்கென்சி கிங். பிரதமரே விழாவில் நின்று வாங்கிய கடதாசி அது.

ஏன் எடுக்காமல் இருக்கிறார்கள்

கேட்டால் மூன்று பதில் வரும்.

"எனக்கு இங்கிலீஷ் வராது, சோதனை எப்படி எழுதிறது?" பரீட்சையும் மொழித்தகுதியும் 18 முதல் 54 வயது வரை உள்ளவர்களுக்குத்தான். 2017க்கு முன் சில காலம் இந்த எல்லை 64 வரை உயர்த்தப்பட்டிருந்தது. அந்த நேரத்தில் கேட்டதை மனதில் வைத்துக்கொண்டு இன்னமும் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். 55 ஆகிவிட்டால் இரண்டுமே தேவையில்லை. மற்றவர்களுக்கு 20 கேள்வியில் 15 சரியாக இருக்க வேண்டும்.

"நாட்கணக்கு சரிவராது." விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து வருடத்தில் 1,095 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். பி.ஆர். கிடைக்க முன் மாணவராகவோ வேலை பேர்மிட்டிலோ இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாளாகச் சேரும், அதிகபட்சம் 365 நாள். மருமகன் கடவுச்சீட்டு முத்திரைகளை வைத்துக்கொண்டு ஒரு பின்னேரம் இருந்தால் கணக்கு முடிந்துவிடும்.

"ஊர் உரிமை போயிடும்." இதுதான் உண்மையான காரணம், இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. வேறு குடியுரிமை எடுத்தால் இலங்கைக் குடியுரிமை போகும். இரட்டைக் குடியுரிமைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, ஓ.சி.ஐ. காட் எடுத்துப் போய் வரலாம், ஆனால் அங்கே வாக்கு இல்லை, விவசாயக் காணி வாங்க முடியாது. காணி, பென்ஷன், பிறந்த மண் என்ற உணர்வு எல்லாம் இதில் இருக்கிறது. எல்லாம் தெரிந்தபிறகு பி.ஆரிலேயே இருப்பேன் என்று ஒருவர் முடிவெடுத்தால் அது அவர் உரிமை. தெரியாமல் இருந்துவிடுவது வேறு.

எங்கள் பெற்றோர் தலைமுறைக்கு வந்த ஒவ்வொரு அரசாங்கக் கடிதத்தையும் சின்ன வயதில் வாசித்துச் சொன்னவர்கள் நாங்கள்தான். இந்தக் கடதாசியையும் நாங்கள்தான் எடுத்துப் பார்க்க வேண்டும். அடுத்தமுறை எல்லோரும் கூடும்போது நான்கு விஷயம் கேளுங்கள். எந்த வழியில் பி.ஆர். கிடைத்தது, அகதியாகவா, ஸ்பொன்சரிலா? கடந்த ஐந்து வருடத்தில் எத்தனை நாள் வெளியே? ஊர்க் கடவுச்சீட்டைப் புதுப்பித்தாரா, அதில் போனாரா? வயது 55 ஆகிவிட்டதா? முதல் கேள்விக்கு "அகதி" என்றும், மூன்றாவதற்கு "ஓம்" என்றும் பதில் வந்தால், விண்ணப்பப் படிவத்தைத் தொட முன் வழக்கறிஞரிடம் போங்கள். மற்றவர்களுக்கு, படிவத்தை நிரப்பத் தொடங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.