நான் பார்த்துக்கொள்கிறேன் என்றவன்

என் தம்பிக்கு அறிவுசார் குறைபாடு. வலிப்பும் உண்டு. வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. பேச்சும் புரிதலும் ஐந்து வயதுப் பிள்ளை அளவுக்குத்தான். அவனுடைய பிற்காலத்துக்கு என்னென்ன ஏற்பாடு வேண்டும் என்று எங்கள் குடும்பத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் அதைச் செய்யவில்லை.

பாவம், தெரியாமல் விட்டுவிட்டான் என்று யாரும் எனக்குச் சலுகை தர வேண்டாம். வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். மாற்றுத்திறனாளியைப் பராமரிக்கும் குடும்பத்துக்கு பழைய வரி முறையின்படி வருமான வரியில் 75,000 ரூபாய் கழிவு உண்டு. குறைபாடு 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000 ரூபாய். ஊரார் பலருக்கு இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். சான்றிதழ் வாங்கும் வழியும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டமும் எனக்குத் தெரியும். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு 18 வயது முடிந்த பிறகு, பெற்றவர்கள்கூடத் தானாகச் சட்டப்படியான காப்பாளர் ஆகிவிட முடியாது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ள உள்ளூர் குழுவிடம் மனுப் போட்டு நியமனம் பெற வேண்டும். எல்லாம் தெரிந்திருந்தது.

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில்வே ஓய்வூதியத்தில் ஓர் அருமையான விதி இருக்கிறது. ஊழியரும் அவர் மனைவியும் காலமான பிறகு, சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கும். கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், அதோடு அகவிலை நிவாரணம். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பிள்ளையின் பெயரை ஓய்வூதிய ஆணையில் சேர்த்துவிடலாம். 2014இல் அப்பா இதை ஓய்வூதியர் சங்கத்தில் கேட்டுக்கொண்டு வந்தார்.

நான் சென்னையிலிருந்து போயிருந்த சமயம். ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். தம்பியின் பிறப்புச் சான்று, ரேஷன் அட்டை நகல், பாஸ்போர்ட் அளவுப் படம். படத்துக்காகத் தம்பிக்குச் சலவைச் சட்டை போட்டு, தலை சீவிவிட்டு, ஸ்டூடியோவுக்குத் தானே கூட்டிப் போயிருக்கிறார். ஃபிளாஷ் அடித்தால் தம்பிக்குப் பயம். பல தடவை எடுத்தும் கண்ணை மூடிக்கொண்டே இருந்திருக்கிறான். அந்தப் படம்தான் உறைக்குள் இருந்தது.

"நாளைக்கு ஒரு எட்டு வாப்பா. அரசாங்க ஆஸ்பத்திரியில சான்று வாங்கிடுவோம். அந்த இங்கிலீஷு ஃபாரமெல்லாம் எனக்குப் பிடிபடல" என்றார்.

"இப்ப என்னப்பா அவசரம்? அச்சானியமாப் பேசாதீங்க. நான் இருக்கேன்ல, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

அம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. மூத்த பிள்ளை பொறுப்பாகப் பேசுகிறான் என்று நினைத்திருப்பார். அப்பா உறையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். பிறகு அவர் என்னிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் பாசம் என்றால் அது பொய். அந்த வருஷம் என் மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருந்தோம். சித்தப்பாவுக்கு மனவளர்ச்சி இல்லை என்று அரசாங்க முத்திரையோடு ஒரு காகிதம் உருவாவதை நான் விரும்பவில்லை. பெண் பார்க்க வருகிறவர்களிடம், தம்பிக்கு உடம்பு சரியில்லை, ஊரில் அம்மாவோடு இருக்கிறான் என்று பொதுவாகச் சொல்லிவைத்திருந்தேன். ஆஸ்பத்திரி வரிசையில் அவனோடு நிற்பதைத் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்றுகூட நினைத்தேன். கூடப் பிறந்தவனை மறைத்து வைக்கப் பார்த்தேன். அதுதான் உண்மை.

அப்பா 2015இல் மாரடைப்பில் போய்விட்டார். உயில் எழுதவில்லை. எழுதச் சொல்ல வேண்டியவன் நான். நான் சொல்லவில்லை. வீடு சட்டப்படி அம்மாவுக்கும், நான், தம்பி, தங்கை என்று எங்கள் மூவருக்கும் சம பங்காக வந்தது. கையெழுத்துப் போடத் தெரியாத தம்பிக்கும் ஒரு பங்கு. காப்பாளர் இல்லாமல் அந்த வீட்டை விற்கவும் முடியாது, வைத்துக் கடன் வாங்கவும் முடியாது.

2017இல் மகள் கல்யாணம் முடிந்தது. நான் சொல்லிக்கொண்டிருந்த தடை அத்தோடு நீங்கியது. அப்போதாவது போயிருக்க வேண்டும். போகவில்லை. கல்யாணத்தை ஒரு சாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே புரிந்தது. உள்ளே இருந்தது வேறு பயம். காப்பாளர் என்று மனுவில் பெயர் எழுதினால் பொறுப்பு உறுதியாகிவிடும். ஆறு மாதத்துக்குள் அவனுடைய சொத்து விவரத்தைக் கொடுக்க வேண்டும், வருஷா வருஷம் கணக்குக் காட்ட வேண்டும், சரியாகப் பார்க்காவிட்டால் நீக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. வாயால் சொன்ன வாக்குக்கு இந்தக் கட்டெல்லாம் கிடையாது. அதனால்தான் அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

அம்மாவுக்கு இது புரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். சமயபுரம் போனால் அவருக்கு ஒரே வேண்டுதல். "எனக்கு முன்னாடி அவன் போயிடணும் தாயே." என் காதுபடச் சொல்வார். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்கள் பலர் வாயில் வரும் வேண்டுதல் இது. பெற்ற பிள்ளையின் சாவை ஒரு தாய் கேட்கிறாள் என்றால், அவள் காலத்துக்குப் பிறகு அவனுக்கு யாருமில்லை என்று முடிவு கட்டிவிட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. சரியாகத்தான் கணித்திருந்தார்.

2019 கடைசியில் அம்மா இறந்தார். தம்பிக்குத் தினமும் வலிப்பு மாத்திரை உண்டு, ஃபெனிடாயின். ராத்திரி அதைப் பொடித்து வாழைப்பழத்தில் வைத்துக் கொடுப்பது அம்மாவின் வேலை. பட்டையை ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் வைத்திருப்பார். வேறு யாருக்கும் அந்த இடம் தெரியாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு கடுமையாகத் திரும்பும் என்று எந்த மருத்துவரும் முதல் நாளே எச்சரிப்பார். எங்களையும் எச்சரித்திருந்தார்கள். துக்க வீட்டுக் கூட்டத்துக்கு நடுவில் தங்கை என்னிடம் கேட்டாள். "அண்ணே, அவனுக்கு மாத்திரை குடுத்தாச்சா?" நான் பந்தல்காரரிடம் கணக்குப் பேசிக்கொண்டிருந்தேன். "குடுத்திருப்பாங்க" என்றேன். யார் கொடுத்திருப்பார்கள் என்று நான் யோசிக்கவில்லை. அவளும் என்னை நம்பி அப்புறம் கேட்கவில்லை.

கருமாதி அன்று வாசற்படியில் வலிப்பு வந்து விழுந்தான். முன்பற்கள் உடைந்தன. தோள் எலும்பு முறிந்தது. விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. தங்கை அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்காக உட்கார்ந்திருந்தாள். அவள் புடவை முழுக்க ரத்தம். "அம்மா மாத்திரை, அம்மா மாத்திரை" என்று அவன் முந்தின வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தானாம். அம்மாவைத் தேடுகிறான் என்று எல்லாரும் நினைத்தோம்.

அம்மாவோடு ஓய்வூதியமும் நின்றது. ஆணையில் தம்பியின் பெயர் இல்லை. சான்று இல்லை. காப்பாளர் இல்லை. தங்கை வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. என் வீட்டில் இடம் இருந்தது. மனசில் இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் ஓர் இல்லத்தில் அவனைக் கொண்டுபோய் விட்டேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. போய்ப் பார்க்க வழியில்லாமல் போயிற்று.

இல்லத்தாரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் அவர்களுக்கு எழுதிக் கொடுத்த தாளில் பெயர், வயது, மாத்திரை, என் தொலைபேசி எண், இவ்வளவுதான் இருந்தன. தம்பிக்குத் தண்ணீர் கேட்கத் தெரியாது. தாகம் எடுத்தால் டம்ளரைக் கவிழ்த்து வைப்பான். வீட்டில் அதைப் பார்த்ததும் அம்மா நிரப்பிக் கொடுப்பார். இல்லத்தில் கவிழ்த்த டம்ளரைப் பார்த்து, குடித்து முடித்துவிட்டான் என்று எடுத்துப் போயிருக்கிறார்கள். சோற்றைப் பிசைந்து உருட்டிக் கையில் வைத்தால்தான் வாய்க்குப் போகும். தட்டில் போட்டு வைத்தால் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். ஊரடங்கு தளர்ந்து தங்கை போனபோது, எலும்பும் தோலுமாக, மூத்திரத்தில் கிருமித் தொற்றோடு காய்ச்சலில் கிடந்தான். அவளை அடையாளம் தெரிந்து டம்ளரைக் கவிழ்த்து வைத்துக் காட்டியிருக்கிறான்.

இதை அவள் போனில் சொன்னபோதுதான் அந்த டம்ளர் விஷயமே எனக்குத் தெரியும். ஒரே வீட்டில் வளர்ந்த அண்ணன் நான்.

தங்கை அவனைத் தன் வீட்டுக்கே கூட்டிப் போனாள். தனியார் பள்ளியில் பார்த்த ஆசிரியர் வேலையை விட்டாள். அவள் மகன் சேர வேண்டிய கல்லூரி மாறியது. கணவர் வீட்டுப் பேச்சையெல்லாம் வாங்கிக்கொண்டாள். இது எதையும் அவள் என்னிடம் சொல்லிக்காட்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் பாதி உண்மைதான். அப்பா பெயரில் வங்கியில் ஒரு வைப்புத்தொகை இருந்தது. நாமினி நான். அவர் இறந்ததும் பணம் என் கைக்கு வந்தது. நாமினி என்பவர் வாரிசுகளுக்காகப் பணத்தை வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே. அது அவருக்குச் சொந்தமாகிவிடாது. ஆயுள் காப்பீட்டு வழக்கு ஒன்றில் 1984இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. வங்கி வைப்புக்கும் அதே நியதிதான். இதை என்னிடம் வருகிறவர்களுக்கு நானே விளக்கியிருக்கிறேன். விளக்கத் தெரிந்த நான், அந்தப் பணத்தை மகள் கல்யாணத்துக்குச் செலவழித்தேன். அம்மாவிடம் கேட்கவில்லை. தங்கையிடம் சொல்லவில்லை. தம்பியின் பங்கும் அதில் இருந்தது. பிறகு வட்டியோடு திருப்பிக் கட்டிவிட்டேன். ஆனால் தங்கை நகையை அடகு வைத்து அவனுக்கு வைத்தியம் பார்த்த மாதங்களில் அந்தப் பணம் இல்லை.

தம்பி விஷயம் சம்பந்தி வீட்டுக்குப் பிற்பாடு தெரிந்தது. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் என் குற்றம் குறையப்போவதில்லை.

2021இல் ஒருவழியாகக் காரியங்கள் நடந்தன. சான்று கிடைத்தது, 75 சதவீதம். உள்ளூர் குழு காப்பாளரை நியமித்தது. தங்கையின் பெயரைத்தான் கொடுத்தோம். மூத்தவன் இருக்க அவள் ஏன் என்று உறவினர் சிலர் கேட்டார்கள். எனக்கு அந்தத் தகுதி இல்லை என்று அவர்களிடம் சொன்னேன். குடும்ப ஓய்வூதியம் நிலுவையோடு வந்தது. மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் வருகிறது. தேசிய அறக்கட்டளையின் நிரமயா காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு வழி இருக்கிறது. பொன்மலை வீட்டில் என் பங்கை அவனுக்காகத் தனி அறக்கட்டளையாக எழுதிப் பதிவு செய்துவிட்டேன். இதில் ஒன்றுகூடப் புதிதில்லை. ஓய்வூதிய ஆணையில் பெயர் சேர்ப்பது உட்பட, முக்கால்வாசியை அப்பா உறையோடு வந்த வருஷமே செய்திருக்கலாம்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தங்கை எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறாள். டம்ளர், சோற்று உருண்டை, வாழைப்பழத்தில் மாத்திரை, குக்கர் விசில் வந்தால் காதைப் பொத்திவிட வேண்டும், முடிவெட்டக் கூட்டிப் போனால் ஒருவர் கையைப் பிடித்திருக்க வேண்டும். அவளுக்குப் பிறகு யார் என்ற பக்கத்தில் என் மகளின் பெயர் இருக்கிறது. மகளே கேட்டு எழுதச் சொன்னாள்.

இதைப் படிக்கிற அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் ஒரு விண்ணப்பம். வரும் நவம்பரில் ஆயுள் சான்று கொடுக்கப் போவீர்கள். போகும்போது ஓய்வூதிய ஆணையை எடுத்துப் பாருங்கள். அதில் உங்கள் பிள்ளையின் பெயர் இல்லையென்றால் அன்றைக்கே மனு எழுதுங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மூத்தவன் சொன்னால், எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அவனுக்காகக் காத்திருக்காதீர்கள்.