இரண்டு ஒயரும் ஒரு கேள்வியும்

'டாக்டர் ஹூ' என்றால் நம்ம மக்களில் பல பேருக்கு 2005ல் ஆரம்பித்த சீரியல்தான் ஞாபகம் வரும். டேவிட் டெனன்ட், மாட் ஸ்மித் என்று பேச ஆரம்பிப்பார்கள். அதுக்கு முன்னாடியே 1963ல் இருந்து 1989 வரை பிபிசியில் ஓடிய பழைய டாக்டர் ஹூ ஒன்று இருக்கிறது. செட்டைப் பார்த்தால் அட்டை என்று தெரியும், ராட்சசப் பிராணி வந்தால் பயத்துக்குப் பதில் சிரிப்பு வரும். ஆனாலும் அதில் ஒரு கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். போன வாரம் மறுபடியும் உட்கார்ந்து ஆறு பகுதியையும் பார்த்து முடித்தேன். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

கதை பேர் 'ஜெனிசிஸ் ஆஃப் தி டாலெக்ஸ்'. 1975 மார்ச், ஏப்ரலில் ஆறு சனிக்கிழமை ஒளிபரப்பானது. எழுதியவர் டெர்ரி நேஷன், டாலெக்கை உருவாக்கினவரே அவர்தான். இயக்கம் டேவிட் மலோனி. டாக்டராக நீளக் கழுத்துத் துண்டோடு டாம் பேக்கர். (முடிவு உட்பட எல்லாத்தையும் சொல்லப் போறேன். வந்து ஐம்பது வருஷம் ஆகிறது, இனிமே யாரும் கோவிச்சுக்கக் கூடாது :-))

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. டாலெக் என்பது மிளகுக் குப்பி மாதிரி ஒரு உலோகக் கூடு. உள்ளே ஒரு உயிர். தன்னைத் தவிர மற்ற எல்லா உயிரையும் அழிக்கணும் என்பது மட்டும்தான் அதுக்குத் தெரியும். டாக்டரின் சொந்த இனமான டைம் லார்டுகள் அவரை ஸ்காரோ என்ற கிரகத்தில், டாலெக் பிறக்கப் போகிற காலத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள். அவை பிறக்காமலே தடு, இல்லை கொஞ்சம் சாதுவாகப் பிறக்க வை, அதுவும் முடியலைன்னா ஏதாவது பலவீனத்தையாவது கண்டுபிடி. இதுதான் அவருக்கு வந்த வேலை.

ஸ்காரோவில் காலெட், தால் என்று இரண்டு இனம் ஆயிரம் வருஷமாகச் சண்டை போடுகிறது. (காலெட், டாலெக். முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள், தமிழில் எழுதினாலும் சரியா வருது பாருங்க!) இரண்டு நகரத்துக்கும் நடுவே நடந்தே போய்விடலாம். முதல் காட்சியே பனிமூட்டம், பதுங்குகுழி, முகமூடி போட்ட சிப்பாய்கள் மெதுவாகச் சரிந்து விழுவது. காலெட் படை உடுப்பையும் அவர்கள் வைக்கிற சல்யூட்டையும் பார்த்தால் நாஜிகள் ஞாபகம் வராமல் இருக்காது. உலகப் போர் முடிந்து முப்பதே வருஷம், நேஷன் அந்தப் போரைச் சின்னப் பையனாகப் பார்த்தவர்.

டாலெக்கைச் செய்கிற விஞ்ஞானி டாவ்ரோஸ். மைக்கேல் விஷர் முகமூடிக்குள்ளே இருந்து குரலை வைத்தே மிரட்டியிருக்கிறார். கண் கிடையாது, ஒரே ஒரு கை, பாதி டாலெக் மாதிரி ஒரு நாற்காலி. ஒரு காட்சியில் டாக்டர் அவனிடம் ஒரு கேள்வி கேட்பார். மற்ற எல்லா உயிரையும் கொன்றுவிடுகிற ஒரு கிருமியை நீ உருவாக்கினால், அதை வெளியே விடுவாயா? டாவ்ரோஸ் அந்தக் குப்பி கையில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு விரல்களை மெல்ல நெருக்குவான். செய்வேன் என்பான், ரசித்து ரசித்துச் சொல்வான். கிராபிக்ஸ் எதுவும் இல்லை, ஒரு கையும் ஒரு குரலும்தான்.

அடுத்து வருவதுதான் எல்லாரும் பேசுகிற காட்சி. ஆறாம் பகுதி. டாலெக் குஞ்சுகள் வளர்கிற அறையில் வெடி வைத்தாயிற்று. டாக்டர் கையில் இரண்டு ஒயர், ஒன்றோடு ஒன்று தொட்டால் போதும். அவர் தயங்குகிறார். எனக்கு இந்த உரிமை இருக்கா என்று கேட்கிறார். கூட இருக்கிற சாரா, இது ஒரு நோய்க்கிருமியாக இருந்தால் யோசிப்பீங்களா என்கிறாள். ஒரு குழந்தையைக் காட்டி, இவன் பின்னாளில் கொடுங்கோலன் ஆவான் என்று சொன்னால் உன்னால் கொல்ல முடியுமா என்று அவர் திருப்பிக் கேட்கிறார். டாலெக் பயத்தால் எதிரிகளாக இருந்த உலகங்கள் ஒன்றுசேரப் போவதும் அவருக்குத் தெரியும்.

பேச்சு எப்பவும் இந்த இடத்தோடு நின்றுவிடும். டாக்டர் கொல்ல மறுத்தார், மகாத்மா என்பது ஒரு கட்சி. கோட்டை விட்டார், கோழை என்பது இன்னொரு கட்சி. ஆனால் கதை அங்கே முடியலையே!

ஒருத்தர் ஓடி வந்து, டாவ்ரோஸ் இறங்கி வந்துவிட்டான், ஓட்டெடுப்புக்குச் சம்மதித்துவிட்டான் என்கிறார். டாக்டருக்கு அப்படி ஒரு நிம்மதி. ஒயரைப் பிடுங்கிவிடுகிறார். ஓட்டெடுப்போ ஏமாற்று. தால் நகரத்தில் கொன்று குவித்துவிட்டு டாலெக்குகள் திரும்பி வரும் வரைக்கும் நேரம் கடத்தத்தான் அவன் பேசுகிறான். அவை வந்ததும் எதிர்த்தவர்கள் அத்தனை பேரும் காலி. அதற்கப்புறம் டாக்டர் என்ன செய்கிறார்? அதே அறைக்கு, அதே ஒயரிடம் திரும்பி ஓடுகிறார். இந்தத் தடவை பேச்சே இல்லை. அவரைத் துரத்தி வருகிற டாலெக் அந்த ஒயர் மேலேயே ஏறி இணைத்துவிட, அறை வெடிக்கிறது.

என் பையனும் கூடப் பார்த்துக்கொண்டிருந்தான், பன்னிரண்டு வயசு. "அப்போ முதல்லயே தொட்டிருக்கலாம்லப்பா? ஓட்டுப் போட வந்தவங்களாவது பிழைச்சிருப்பாங்களே" என்றான். எனக்கு உடனே பதில் வரலை. இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவன் கணக்கு தப்பில்லை. தயங்கியதற்கு விலை இருந்தது, அதைக் கொடுத்தது டாக்டர் இல்லை. ஆனால் டாவ்ரோஸின் கையையும் டாக்டரின் கையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும். இரண்டு பேர் கையிலும் இருப்பது ஒரு இனத்தின் முடிவு. ஒருத்தனுக்கு அது இனிக்கிறது. இன்னொருத்தர் வேறு வழி இருக்கா என்று தவிக்கிறார். இருக்கு என்று யாரோ சொன்னதும் சந்தோஷமாக நம்புகிறார். அது பொய் என்று தெரிந்ததும் அதே வேலைக்குத் திரும்பிப் போகிறார், சந்தோஷம் இல்லாமல். அந்தத் தயக்கம் அவரைக் காப்பாற்றியது என்றுதான் தோன்றுகிறது. மற்றவர்களைக் காப்பாற்றவில்லை. இரண்டும் உண்மை. பையனிடம் இதை அப்படியே சொன்னேன். "அப்ப அது அநியாயம்தானே?" என்றான். ஆமாடா என்றேன்.

டாவ்ரோஸ் கதை எப்படி முடிகிறது என்று தெரியணுமே. தான் செய்த டாலெக்குகளிடமே அவன் இரக்கம் காட்டச் சொல்லிக் கெஞ்சுகிறான். அவைகளுக்கு அந்த வார்த்தையே தெரியாது. அதை வேண்டாம் என்று எடுத்தவனே அவன்தான்.

இவ்வளவுக்கும் பலன் என்ன? டாலெக்குகள் ஸ்காரோவின் மண்ணுக்கடியில் அடைபடுகின்றன, அழியவில்லை. ஓர் ஆயிரம் வருஷம் தள்ளிப் போட்டிருப்போம் என்று டாக்டர் கணக்குச் சொல்கிறார். அவ்வளவுதான்.

2015ல் பீட்டர் கபால்டி டாக்டராக இருந்தபோது அந்தக் குழந்தைக் கேள்வியை நிஜமாகவே எடுத்துக்கொண்டார்கள். போர்க்களத்தில் மாட்டிக்கொண்ட சின்னப் பையன் டாவ்ரோஸ் டாக்டர் கண் முன்னாடியே நிற்பான். அதில் டாக்டர் என்ன செய்தார் என்பதை இங்கே சொல்லலை, பார்த்துக்கோங்க. ஆனால் 1975ஐப் பார்த்துவிட்டு அதைப் பாருங்கள்.

நடுவில் குகைக்குள்ளே ராட்சசச் சிப்பி ஒன்று வரும். அதை மட்டும் பெரிய மனசு பண்ணி மன்னித்துவிடுங்கள்.