திரைக்குப் பின்னே

வியன்னாவினின்று இவ்வாண்டு நம் கல்லூரிக்குப் போந்த நரம்பிசைவாணர் நால்வர்க்கு உதவிபுரிய யாம் அமர்த்தப்பெற்றோம். மின்விசிறி சுழன்றால் இசைத்தாள்கள் பறந்தன. நிறுத்தினாலோ, வெம்மையில் தந்திகள் தளர்ந்து சுருதி இறங்கிற்று. விடுதியில் துணி உலர்த்தும் கவ்விகளே ஈண்டு உதவின!

இடைவேளையில் அவருள் ஓர் அம்மையார், தொடக்க வாழ்த்திற்கு வாசித்த எம் தோழனது வயலினை மீட்டி வியந்தார். தம் தந்திகள் நான்கும் வெவ்வேறு சுரங்களாயிருப்ப, இஃது 'ச, ப, ச, ப' என ஒலிப்பது எங்ஙனம் என்றார். பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) ஐரோப்பியரிடம் கற்று நம்மிசைக்கு இயைவித்த கருவியன்றோ அது! தோழன் தரையிலமர்ந்து, வயலின்தலையைக் காலிற் சார்த்தி வாசித்தான், அம்மையாரும் தரையிலமர்ந்தார். வெளியே அவையோர் கைதட்டி விரைவுபடுத்தினர். திரைக்கயிறு எம் கையிலிருந்தது. கீர்த்தனம் முடியுமட்டும் யாம் அதனை இழுத்திலோம்.